கழுவும் தொட்டியருகே

கண்ணாடி சிரிஞ்சை இன்றைய செவிலியர்களில் பலர் தொட்டே பார்த்திருக்க மாட்டார்கள். நான் வேலைக்கு வந்த காலத்தில் வார்டுக்கு ஒரு ஸ்டெரிலைசர் காலையிலிருந்து கொதித்தபடி இருக்கும். சிரிஞ்சின் குழாயையும் உள்தண்டையும் தனியே கழற்றி காஸ் துணியில் சுற்றித்தான் அதில் போடுவோம். சுற்றாமல் போட்டால் கொதியில் ஒன்றோடொன்று மோதி விரிசல் விடும். ஊசித் துளைக்குள் மெல்லிய கம்பியை விட்டு அடைப்பு எடுப்போம், முனை மழுங்கினால் கல்லில் தீட்டுவோம். ரப்பர் கையுறைகளைக் கழுவி, காற்றடைத்துத் தண்ணீருக்குள் அமிழ்த்தி ஓட்டை பார்த்து, உள்பக்கமும் வெளிப்பக்கமும் காயவைத்து, பவுடர் தூவி, அளவு பார்த்து ஜோடி சேர்த்து டிரம்மில் அடுக்க வேண்டும். டிரம்மின் பக்கவாட்டுத் துளைகள் ஆட்டோகிளேவுக்குள் போகும்போது திறந்திருக்க வேண்டும். வெளியே எடுத்த உடனே மூடிவிட வேண்டும். முதலாவதை மறந்தால் உள்ளே நீராவி போகாது, இரண்டாவதை மறந்தால் வெளிக்காற்று புகுந்துவிடும். தூக்கி எறியும் பொருள் என்று மருத்துவமனையில் அன்று மிகக் குறைவு. பஞ்சும் காஸும் போக மற்றவற்றில் பெரும்பாலானவை அடுத்த நோயாளிக்குத் திரும்பிப் போகிறவைதான்.

அந்தக் காலத்தைப் பற்றி இப்போது இரண்டு விதமாகப் பேசுகிறார்கள். அன்றிருந்த ஒழுங்கு இன்றில்லை என்று பெருமூச்சு விடுகிறவர்கள் ஒரு பக்கம். ஒருவர் ரத்தத்தை இன்னொருவருக்கு ஏற்றிக்கொண்டிருந்த இருண்ட காலம் அது, பிளாஸ்டிக் வந்துதான் நம்மைக் காப்பாற்றியது என்கிறவர்கள் மறுபக்கம். இரண்டையும் என்னால் முழுதாக ஏற்க முடியவில்லை. நினைவில் நிற்பதையும் பின்னால் படித்தறிந்த ஆதாரங்களையும் சேர்த்துப் பார்க்கும்போது எனக்கு உறுதியாகத் தெரிவது இதுதான். ஒரு கருவியைத் திரும்பப் பயன்படுத்துவதாலேயே தொற்று வந்துவிடுவதில்லை. ஒரு நோயாளியிடமிருந்து அடுத்த நோயாளியிடம் போவதற்குள் அதற்கு என்ன நடக்கிறது என்பதுதான் தீர்மானிக்கிறது. அந்த இடைப்பட்ட நேரத்திலும், எல்லோரும் நம்பியிருக்கும் ஆட்டோகிளேவைவிட, அதற்கு முன்னால் தொட்டியில் நடக்கும் கழுவும் வேலைக்கே பங்கு அதிகம். மருத்துவமனைகள் மிகக் குறைவாகச் செலவு செய்வதும் மிகக் குறைவாக மதிப்பதும் அந்த வேலையைத்தான்.

கொதிநீரின் எல்லை பழைய செவிலியர்களுக்குத் தெரிந்ததே. 100 டிகிரியில் சாதாரண பாக்டீரியாக்கள் சாகும். பல வைரஸ்களும் செயலிழக்கும். ஆனால் டெட்டனஸ், வாயு அழுகல் போன்ற நோய்களை உண்டாக்கும் கிருமிகளின் வித்துகள் அதில் பிழைத்துக்கொள்ளும். உதகமண்டலம் போன்ற உயரத்தில் தண்ணீர் 93 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடுவதால் அங்கே நிலைமை இன்னும் மோசம். அதனால்தான் நீராவியை அழுத்தத்தில் அடைத்து 121 டிகிரிக்கோ 134 டிகிரிக்கோ கொண்டுபோகும் ஆட்டோகிளேவ் தேவைப்பட்டது. சார்லஸ் சாம்பர்லாண்ட் 1879-இல் பாரிஸில் அதை உருவாக்கினார். இன்றுவரை அதைவிட நம்பகமான முறை வரவில்லை. ஆனால் அதற்கும் ஒரு நிபந்தனை உண்டு. நீராவி எதைத் தொடுகிறதோ அங்கேதான் கிருமியைக் கொல்லும். உள்ளே காற்று தங்கிவிட்டால் அந்த இடத்துக்கு நீராவி போகாது. இதைக் கண்டுபிடிக்கத்தான் 1963-இல் பவீ, டிக் என்ற இருவர் ஒரு எளிய சோதனையை வகுத்தார்கள். துணிக்கட்டின் நடுவில் வைத்த தாள் முழுவதும் ஒரே சீராக நிறம் மாறினால் காற்று வெளியேறிவிட்டது என்று பொருள். காற்றுக்குச் சொன்னது ரத்தத்துக்கும் பொருந்தும். இடுக்கியின் மூட்டுக்குள் உலர்ந்துபோன ரத்தம் இருந்தால் அதன் அடியில் ஒளிந்திருக்கும் கிருமிக்கு அதுவே கவசம். எண்ணெய்ப் பிசுக்கோடு சட்டியை அடுப்பில் ஏற்றினால் பிசுக்கு போகாது, கருகிப் பிடித்துக்கொள்ளும். கழுவாத கருவியை ஆட்டோகிளேவில் ஏற்றுவதும் அப்படித்தான்.

கழுவுவது என்றால் குழாயடியில் காட்டி எடுப்பது என்று நினைக்கிறவர்கள் மருத்துவர்களிலும் உண்டு. அந்த வேலையைச் சற்று அருகிலிருந்து சொல்ல வேண்டும். அறுவை முடிந்த கருவி உலரக் கூடாது. உலர்ந்தால் புரதம் இறுகிவிடும். ஈரத்தோடு வைப்பதற்காக அதை சலைனில் ஊறப்போடவும் கூடாது, அதிலுள்ள உப்பு எஃகில் கண்ணுக்குத் தெரியாத குழிகளை அரித்துவிடும், அந்தக் குழிகளே பிறகு அழுக்குக்குப் புகலிடமாகும். முதலில் குளிர்ந்த நீர் வேண்டும், சூடான நீர் ரத்தத்தை வேகவைத்து ஒட்டவைத்துவிடும். பிறகு என்சைம் கரைசலில் குறிப்பிட்ட நேரம் ஊறவேண்டும். ஆர்ட்டரி ஃபோர்செப்ஸ் என்றால் வாயை முழுதும் திறந்து, மூட்டுக்குள்ளும் பற்களுக்கு நடுவிலும் தூரிகை போட வேண்டும். அதையும் தண்ணீருக்கு அடியில் வைத்துத் தேய்க்க வேண்டும், இல்லாவிட்டால் தெறிக்கும் துளி தேய்க்கிறவரின் கண்ணுக்குப் போகும். சக்‌ஷன் குழாய் போன்ற துளையுள்ள கருவிக்கு அதன் துளைக்கேற்ற அளவில் தூரிகை வேண்டும். சின்னதாக இருந்தால் சுவரைத் தொடாது, பெரிதாக இருந்தால் உள்ளே போகாது. ஒரு பக்கம் விட்டு மறுபக்கம் வெளியே வரும் தூரிகை சுத்தமாக வரும்வரை திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். அதன் பின் அலசல். நம் ஊர்களின் ஆழ்துளைக் கிணற்று நீரில் உள்ள உப்பு கருவியில் வெள்ளைப் படலமாகப் படியும் என்பதால் கடைசி அலசலுக்கு உப்பு நீக்கிய நீர் வேண்டும். அதன் பின் உலர்த்தி, நல்ல வெளிச்சத்தில் லென்ஸ் வைத்துப் பார்த்து, சந்தேகம் இருந்தால் மறுபடி முதலிலிருந்து. ஒரு பெரிய வயிற்று அறுவையின் செட்டில் பல பத்துக் கருவிகள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் இவ்வளவும் உண்டு. அவசரப்பட்டுச் செய்யக்கூடிய வேலை அல்ல இது; ஆனால் எப்போதும் அவசரப்படுத்தப்படுகிற வேலை.

கழுவுவதில் தோற்றால் என்ன ஆகும் என்பதற்கு உலகத்தின் மிகப் பணக்கார மருத்துவமனைகளிலேயே சாட்சி இருக்கிறது. பித்தக்குழாயில் கல்லோ அடைப்போ இருந்தால் வாய் வழியே டியோடினோஸ்கோப் என்ற நீண்ட குழாயை இறக்கிச் சிகிச்சை செய்கிறார்கள். அதன் நுனியில் விரல்நகத்தைவிடச் சிறிய ஒரு நெம்பு இருக்கிறது. உள்ளே விடும் கம்பியைப் பித்தக்குழாயின் பக்கம் திருப்புவதற்காக அது ஏறி இறங்கும். அந்த நெம்பின் பின்னால் உள்ள இடுக்குக்குள் தூரிகை சரியாகப் போகாது. இந்தக் கருவி 134 டிகிரி வெப்பம் தாங்காது என்பதால் ரசாயனக் கரைசலில்தான் கிருமி நீக்க வேண்டும். நெதர்லாந்தின் ராட்டர்டாமில் 2012-இல் எளிதில் மருந்துக்கு அடங்காத சூடோமோனாஸ் தொற்று பரவியபோது, அப்படிப்பட்ட ஒரு ஸ்கோப்பை முழுதாகப் பிரித்துப் பார்த்தார்கள். தூரிகை எட்டாத இடங்களில் பழுப்பு நிறப் படிவு இருந்தது. லாஸ் ஏஞ்சலிஸில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ரொனால்ட் ரீகன் மருத்துவமனையில் 2014 அக்டோபருக்கும் 2015 ஜனவரிக்கும் இடையே இந்த வகை ஸ்கோப் வழியாக 179 பேர் ஆபத்துக்கு உள்ளானார்கள். 7 பேருக்குத் தொற்று உறுதியானது, 2 பேர் இறந்தார்கள். அமெரிக்க செனட்டில் 2016-இல் வெளியான அறிக்கை, 2012 முதல் 2015 வரை உலகில் இப்படி 25 பரவல்களாவது நடந்ததாகவும் குறைந்தது 250 நோயாளிகளாவது பாதிக்கப்பட்டதாகவும் கணக்கிட்டது. அதற்குப் பிறகும் எச்சரிக்கைகள், புதிய கையேடுகள், மறுபயிற்சி எல்லாம் வந்தன. ஆனாலும் சுத்தம் செய்து முடித்த ஸ்கோப்புகளில் எடுத்த மாதிரிகளில் 5 விழுக்காட்டுக்கும் சற்று மேலானவற்றில் கவலைக்குரிய கிருமிகள் இருந்ததாக அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2019-இல் தெரிவித்தது. நுனியைக் கழற்றி எறியும்படி வடிவத்தையே மாற்றுங்கள் என்று அது அதே ஆண்டில் சொல்ல நேர்ந்தது. இந்தக் கதையில் எனக்கு முக்கியமாகப் படுவது, தவறு செய்த மருத்துவமனைகளைவிட, சொன்னபடி செய்தும் மாட்டிக்கொண்ட மருத்துவமனைகள். கழுவ முடியாத ஒரு பொருளை வடிவமைத்து விற்றுவிட்டு, கழுவுகிறவரைக் குறை சொல்வதில் நியாயம் இல்லை.

ரசாயனக் கரைசலின் மேல் வைக்கும் நம்பிக்கைக்கு இன்னொரு பாடம் பிரேசிலில் கிடைத்தது. 2004 முதல் 2008 வரை அந்த நாட்டின் பல மாநிலங்களில், லேப்ராஸ்கோப் போன்ற கேமரா கருவிகளால் அறுவை செய்துகொண்டவர்களுக்குத் துளையிட்ட இடத்தில் ஆறாத புண்கள் வந்தன. பாதிக்கப்பட்டவர்கள் 2,000 பேருக்கும் மேல். காரணம், வேகமாக வளரும் ஒரு வகை மைக்கோபாக்டீரியம். காசநோய்க் கிருமியின் உறவு. கருவிகளை ஊறவைக்கும் 2 விழுக்காடு குளுட்டரால்டிஹைடு கரைசலையே அது தாங்கிக்கொண்டது. நம் மருத்துவமனைகளில் சிடெக்ஸ் என்ற பெயரில் எல்லோருக்கும் தெரிந்த கரைசல்தான் அது. இந்தியாவிலும் லேப்ராஸ்கோப்பி துளை இடத்தில் வாரக்கணக்கில் சீழ் வடியும் இதே வகைத் தொற்று பல நகரங்களிலிருந்து மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. கரைசலிலிருந்து எடுத்த கருவியைச் சாதாரணக் குழாய்த் தண்ணீரில் அலசுவது அதற்கு ஒரு முக்கியக் காரணம். இதில் கவனிக்க வேண்டியது, வெப்பத்தைத் தாங்கும் லேப்ராஸ்கோப்பிக் கருவிகளைக்கூட, நேரம் மிச்சம் என்பதற்காக, இரண்டு அறுவைகளுக்கு நடுவே தட்டில் ஊறப்போட்டு எடுக்கும் பழக்கம். சிடெக்ஸ் தட்டில் 20 நிமிடம் வைத்தால் வித்துகள் சாகாது. முழு ஸ்டெரிலைசேஷனுக்கு அதே கரைசலில் 10 மணி நேரம் வேண்டும். இது தெரியாதவர்கள் தியேட்டரில் இல்லை. தெரிந்தும் செய்ய வைப்பது அன்றைய அறுவைப் பட்டியல். அமெரிக்க நுண்ணுயிரியலாளர் எர்ல் ஸ்பால்டிங் பல பத்தாண்டுகளுக்கு முன்பே ஒரு தெளிவான வரிசை சொல்லிவிட்டார்: உடலின் தூய பகுதிக்குள் போகும் கருவிக்கு முழுக் கிருமி நீக்கம், சளிச்சவ்வைத் தொடுவதற்கு உயர்தரக் கிருமிநாசினி, வெறும் தோலைத் தொடுவதற்குச் சாதாரணச் சுத்தம். இன்றும் உலகம் இந்த வரிசையில்தான் நடக்கிறது. 

நம் அருகில் நடந்ததையும் பேச வேண்டும். 2022 ஜூலைக்கும் 2023 ஏப்ரலுக்கும் இடையே வட தமிழ்நாட்டில், பெரும்பாலும் திருப்பத்தூர் மாவட்டத்தில், மூளையைத் தாக்கும் மெலியாய்டோசிஸ் நோய் 21 பேருக்கு வந்தது. மண்ணிலும் நீரிலும் வாழும் ஒரு பாக்டீரியாவால் வருவது இது. அவர்களில் 10 பேர் ஒரே பல் மருத்துவமனைக்குப் போய்வந்தவர்கள். அந்தப் பத்துப் பேரில் 8 பேர் இறந்துவிட்டார்கள். மற்ற 11 பேரில் இறந்தவர் ஒருவர்தான். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி, தமிழ்நாடு பொதுச் சுகாதாரத் துறை உள்ளிட்டவற்றின் ஆய்வாளர்கள் சேர்ந்து தேடிப் பார்த்து, 2025-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் காரணத்தைச் சொன்னார்கள். ஈறையும் எலும்பையும் பிரிக்கப் பயன்படும் பெரியோஸ்டியல் எலிவேட்டர் என்ற கருவியால் சலைன் பாட்டிலைக் குத்தித் திறந்திருக்கிறார்கள். பிறகு அதைத் தளர்வாக மூடிவைத்து அடுத்தடுத்த நோயாளிகளுக்கும் அதே சலைனை ஊற்றியிருக்கிறார்கள். பல் பிடுங்கிய பள்ளத்தைக் கழுவும் நீர் அது. அங்கே பெரிய இயந்திரம் எதுவும் பழுதாகவில்லை. விலையுயர்ந்த ஸ்கோப்பின் சிக்கலான வடிவம் எதுவும் இல்லை. கத்தரிக்கோல் எடுக்க வேண்டிய இடத்தில் கைக்கு எட்டிய கருவி. ஒருவருக்கு ஒரு பாட்டில் என்று இருக்க வேண்டிய இடத்தில் பலருக்கு ஒன்று. பல் மருத்துவமனைக்குப் போகிறவர் உயிருக்குப் பயந்து போவதில்லை. பல்வலி தீர்ந்தால் போதும் என்று போனவர்கள் அவர்கள்.

இத்தனையும் கேட்டவர்கள் உடனே சொல்லும் மறுப்பு, எல்லாவற்றையும் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பொருளாக மாற்றிவிட்டால் பிரச்சினையே இல்லையே என்பது. ஊசியைப் பொறுத்தவரை இது முற்றிலும் சரி, நானும் அதை மனப்பூர்வமாக ஏற்கிறேன். எகிப்தில் 1950-களிலிருந்து 1980-களின் தொடக்கம்வரை, நத்தைக் காய்ச்சல் என்ற பில்ஹார்சியா நோயை ஒழிக்க அரசே கிராமம் கிராமமாக ஊசி போட்டது. நல்ல நோக்கத்தோடு நடந்த அந்த இயக்கத்தில் சரியாகச் சுத்தம் செய்யாத கண்ணாடி சிரிஞ்சுகள் வழியே ஹெபடைடிஸ் சி பரவி, உலகிலேயே அந்த நோய் மிக அதிகமாக உள்ள நாடாக எகிப்து ஆனது. பாதுகாப்பற்ற ஊசிகளால் 2000-ஆம் ஆண்டில் மட்டும் உலகில் சுமார் 2.1 கோடி பேருக்கு ஹெபடைடிஸ் பி தொற்றியிருக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்துக்காகச் செய்த மதிப்பீடு சொன்னது. கண்ணாடி சிரிஞ்சு போனது நல்லதே. ஆனால் பிளாஸ்டிக் வந்ததோடு கதை முடியவில்லை. குஜராத்தின் மொடாசாவில் 2009-இல் ஹெபடைடிஸ் பி பரவிப் பலர் இறந்தபோது, எறிய வேண்டிய சிரிஞ்சுகளே திரும்பப் பயன்பட்டிருந்ததும், பயன்படுத்திய சிரிஞ்சுகளைச் சேகரித்து மறுபடி விற்கும் வியாபாரம் நடந்ததும் வெளியே வந்தன. கழுவுவதற்கு என்று செய்யப்படாத பொருளை யாரோ மறைவாகக் கழுவினால் அதற்குக் கையேடும் இல்லை, மேற்பார்வையும் இல்லை. ஒருமுறை பயன்படுத்திய பிறகு தானே பூட்டிக்கொள்ளும் சிரிஞ்சு இந்தக் காரணத்துக்காகத்தான் வந்தது. அப்படிப் பூட்டிக்கொள்ளும் லேப்ராஸ்கோப்போ எலும்பு துளைக்கும் கருவியோ வரப்போவதில்லை.

எறிவதே பாதுகாப்பு என்ற எண்ணத்துக்கு மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை நல்ல பதில். உலகிலேயே மிக அதிகமாகக் கண்புரை அறுவை செய்யும் இடங்களில் ஒன்று அது. மேலை நாடுகளில் ஒரு நோயாளிக்குப் பின் குப்பைக்குப் போகும் பல பொருள்கள் அங்கே சுத்தம் செய்யப்பட்டுத் திரும்ப வருகின்றன. ஆறு லட்சம் அறுவைகளைக் கணக்கெடுத்து 2017-இல் வெளியிட்ட ஆய்வில், கண்ணுக்குள் வரும் கடும் தொற்று 0.07 விழுக்காட்டிலிருந்து 0.02 விழுக்காடாகக் குறைந்ததாக அந்த மருத்துவர்கள் காட்டினார்கள். அறுவை முடிவில் கண்ணுக்குள் செலுத்திய ஆன்டிபயாடிக்கே அந்தக் குறைவுக்குக் காரணம் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆனால் தொடக்கத்தில் இருந்த அளவே பணக்கார நாடுகளோடு ஒப்பிடத்தக்கதுதான். அதோடு, ஒரு கண்புரை அறுவையால் வெளியாகும் கரிம வாயு இங்கிலாந்தில் சுமார் 130 கிலோ என்றால் அரவிந்தில் சுமார் 6 கிலோ என்று இன்னொரு ஆய்வு கணக்கிட்டது. ஒரே வகை வேலை, ஒரே வரிசை முறை, போதிய கருவிகள், பல ஆண்டுகள் அதையே செய்து பழகிய பெண் பணியாளர்கள், ஒவ்வொரு தொற்றையும் எண்ணி எழுதும் பழக்கம். திரும்பப் பயன்படுத்துவது அங்கே பாதுகாப்பாக இருப்பதற்கு இவைதாம் காரணம்.

இரண்டாவது மறுப்பு சற்றுக் கடினமானது. தொற்று வந்தவர்களில் எத்தனை பேருக்குக் கருவியால்தான் வந்தது என்று நிரூபிக்க முடியும், நோயாளியின் சொந்தக் கிருமியாக இருக்கலாமே, வீட்டில் புண்ணைச் சரியாகப் பார்த்துக்கொள்ளாமல் இருந்திருக்கலாமே என்கிறார்கள். உண்மைதான், அறுவைப் புண் தொற்றுகளில் பெரும்பகுதி நோயாளியின் தோலிலிருந்தும் குடலிலிருந்தும் வருபவை. கருவியால் வருவது அவற்றில் சிறுபங்கே. ஆனால் அந்தச் சிறுபங்கு கண்ணுக்குத் தெரியாமல் இருப்பதற்குக் காரணம் அது சிறிது என்பது மட்டும் அல்ல. ஹெபடைடிஸ் பி வெளியே தெரிய ஒன்று முதல் ஆறு மாதம் ஆகும். லேப்ராஸ்கோப்பித் துளையில் மைக்கோபாக்டீரியம் தலைகாட்ட வாரங்கள் ஆகும். அதற்குள் நோயாளி வேறு ஊரில் வேறு மருத்துவரிடம் போயிருப்பார். எந்தச் செட் எந்த நாளில் எந்த ஆட்டோகிளேவ் சுற்றில் போய் எந்த நோயாளிக்குப் பயன்பட்டது என்ற பதிவு இல்லாத இடத்தில், ஒரு கருவியைக் குற்றவாளி என்று யாராலும் காட்ட முடியாது, நிரபராதி என்றும் சொல்ல முடியாது. ராட்டர்டாமில் கண்டுபிடிக்க முடிந்ததற்கும் திருப்பத்தூரில் கண்டுபிடிக்க முடிந்ததற்கும் காரணம், சிதறிக் கிடந்த நோயாளிகளை யாரோ ஒரு பட்டியலில் சேர்த்துப் பார்த்ததுதான்.

மூன்றாவது, பணமும் நேரமும். இதற்கு என் பதில் மற்ற இரண்டைவிடக் கோபமானது. கழுவி, பேக் செய்து, ஆட்டோகிளேவில் வைத்து, உலரவிட்டு, ஆறவைத்து ஒரு செட் திரும்பி வர இரண்டு மூன்று மணி நேரம் ஆகும். 134 டிகிரியில் சில நிமிடம் போதும் என்று நினைப்பவர்கள் அதற்கு முன்னும் பின்னும் ஆகும் நேரத்தை மறந்துவிடுகிறார்கள். ஆகவே ஒரு நாளில் எத்தனை அறுவை செய்யலாம் என்பதை அறுவை நிபுணரின் வேகம் தீர்மானிக்கக் கூடாது, செட்டுகளின் எண்ணிக்கைதான் தீர்மானிக்க வேண்டும். லேப்ராஸ்கோப்பி மூலம் குடும்பக்கட்டுப்பாடு செய்யும் முகாம்களுக்கு, மூன்று லேப்ராஸ்கோப்புகள் இருந்தால் ஒரு குழு நாளொன்றுக்கு 30 அறுவைக்கு மேல் செய்யக் கூடாது என்று மத்திய அரசின் விதியே இருந்தது. சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் மாவட்டத்தில் 2014 நவம்பரில் ஒரே முகாமில் சில மணி நேரத்துக்குள் 83 பெண்களுக்கு அறுவை நடந்தது. அந்த மாவட்ட முகாம்களில் 13 பெண்கள் இறந்தார்கள். கலப்பட மருந்தா, தொற்றா என்பதில் விசாரணைகள் ஒருமித்துப் போகவில்லை. அதை நான் தீர்ப்பாகச் சொல்ல வரவில்லை. ஆனால் 83 என்ற எண்ணிக்கையில் கருவியை ஒழுங்காகச் சுத்தம் செய்ய நேரமே இல்லை என்பதற்கு எந்த விசாரணையும் தேவையில்லை. முகாம் முறையையே மூன்று ஆண்டுகளுக்குள் நிறுத்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2016-இல் உத்தரவிட்டது. இன்னும் நான்கு செட் வாங்கப் பணமில்லை என்று சொல்லும் மருத்துவமனையில் வரவேற்பறைக்குப் பளிங்கு போடப் பணம் இருப்பதை எத்தனையோ இடங்களில் பார்க்கலாம்.

கடைசியில் இது அந்தத் தொட்டியருகே நிற்கிறவரைப் பற்றிய விஷயம். எங்கள் காலத்தில் கருவி கழுவுவது பயிற்சிச் செவிலியரின் முதல் பாடமாக இருந்தது. கண்டிப்பான சிஸ்டர்கள் விளக்கொளியில் ஃபோர்செப்ஸைத் திறந்து காட்டச் சொல்வார்கள். அந்தக் கண்டிப்பு எல்லாவற்றையும் காப்பாற்றிவிட்டது என்று சொல்ல மாட்டேன். கொதிநீரை நம்பிய காலம் அது, ஹெபடைடிஸ் பி பற்றி எங்களுக்குத் தெரிந்தது மிகக் குறைவு. ஆனால் கழுவுவது படித்துச் செய்யும் வேலை என்ற எண்ணம் அன்று இருந்தது. பிறகு எல்லாக் கருவிகளையும் ஒரே இடத்தில் கழுவிக் கிருமி நீக்கும் சி.எஸ்.எஸ்.டி. என்ற தனிப் பிரிவு பெரிய மருத்துவமனைகளில் வந்தது. அது பெரிய முன்னேற்றம்தான். கூடவே அந்த வேலை தரைத்தளத்துக்கும் ஒப்பந்தப் பணியாளர்களுக்கும் போய்விட்டது. பல இடங்களில் அங்கே நிற்பவருக்கு ஸ்கோப்பின் கையேட்டைப் படிக்கும் ஆங்கிலம் தெரியாது. அவருக்குத் தமிழில் அதை எழுதிக் கொடுத்தவரும் இல்லை. தடித்த கையுறையும் முகக் கவசமும் ஹெபடைடிஸ் பி தடுப்பூசியும் அவருக்குக் கிடைத்தனவா என்று கேட்பவர் இல்லை. அந்த வைரஸ் உலர்ந்த ரத்தத்தில் ஏழு நாள்வரைகூட உயிர்ப்போடு இருக்கும் என்பது அவருக்குச் சொல்லப்பட்டிருக்கிறதா என்று தெரியாது. ஆறு மாதத்தில் அவர் போய் இன்னொருவர் வருவார். தொற்று வந்தால் முதலில் அவர் வேலைதான் போகும். இப்படி ஒரு நிலையில் ஒரு மயக்க மருந்து நிபுணரை வைப்போமா என்று யோசித்தால் வித்தியாசம் புரியும். இருவர் கையிலும் இருப்பது ஒரே நோயாளியின் உயிர்தான்.

விதிகள் இல்லாத குறை நம்மிடம் இல்லை. 2020-இல் மத்திய அரசு தொற்றுத் தடுப்புக்கான தேசிய வழிகாட்டுதலை வெளியிட்டது. 2015 முதல் காயகல்ப் திட்டம் அரசு மருத்துவமனைகளின் சுத்தத்துக்கு மதிப்பெண் போடுகிறது. தனியார் மருத்துவமனைகளுக்குத் தரச் சான்று இருக்கிறது. இவற்றால் பலன் இல்லை என்று சொல்வது நியாயமாகாது. ஆனால் ஆய்வுக்கு வருகிறவர்கள் ஆட்டோகிளேவ் பதிவேட்டைப் பார்ப்பதோடு நில்லாமல், தூரிகைகள் எத்தனை அளவில் இருக்கின்றன, அவை எப்போது மாற்றப்பட்டன, லென்ஸ் இருக்கிறதா, அங்கே வேலை செய்பவர் நிரந்தரமா, அவர் என்ன பயிற்சி பெற்றார் என்று கேட்க வேண்டும். நிர்வாகிகளிடம் ஒரு வேண்டுகோள்: அடுத்த ஆண்டு இன்னொரு ஸ்கோப் வாங்கும் முன், ஏற்கெனவே உள்ள ஸ்கோப்பைக் கழுவ ஒரு நிரந்தரப் பணியிடத்தையும் கூடுதல் செட்டுகளையும் பட்ஜெட்டில் சேருங்கள். இதைப் படிக்கிறவர்களிடமும் ஒன்று கேட்கிறேன். அடுத்த முறை பல் மருத்துவரின் நாற்காலியில் உட்காரும்போது, கருவிப் பொட்டலத்தை உங்கள் கண்முன் பிரிக்கச் சொல்லுங்கள். ஆட்டோகிளேவில் போய்வந்ததைக் காட்டும் பட்டை அதன் மேல் நிறம் மாறியிருக்கிறதா என்று பாருங்கள், வாய் கழுவும் சலைன் உங்களுக்கென்று புதிதாகத் திறந்ததா என்று கேளுங்கள். கேட்பதற்குத் தயங்க வேண்டாம். நல்ல மருத்துவர் யாரும் இதற்காக உங்களிடம் கோபித்துக்கொள்ள மாட்டார்.